ச க ப: கிட்டார் பழகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

போனில் நீ சொன்னது மனதிலேயே இருக்கிறது. "படத்தைப் பார்த்து கார்டுகளை மட்டும் பிடித்துப் பழகிக்கொள்கிறேன், தியரிப் பக்கங்களை விட்டுவிடப் போகிறேன்" என்றாய். கார்டு என்றால் சில ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது, அவ்வளவுதான். தியரியை விட்டுவிடாதே. நீ அனுப்பிய கிட்டார் புத்தகப் பக்கங்களின் போட்டோக்களை உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். அதில் பெரும்பகுதி நீ ஆறு வயதிலிருந்து பாடிய விஷயம்தான்.

கிட்டாரில் ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ச-விலிருந்து மேல் ச வரை, 12 ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்). நம் வீணையில் அதையே மெட்டு என்போம்; 24 மெட்டு, அதாவது இரண்டு ஸ்தாயி. கணக்கு ஒன்றேதான். சி மேஜர் ஸ்கேல் என்று புத்தகம் சொல்லும் சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி இருக்கிறதே, அதில் சி-யைச் சட்ஜமாக வைத்துப் பாடிப் பார். சங்கராபரணத்தின் ஏழு ஸ்வர ஸ்தானங்களும் அங்கே இருக்கும். இப்போது ச-வில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்றாக மூன்று எடு: ச க ப. அதுதான் சி மேஜர் கார்டு. ம-வில் தொடங்கினால் ம த ச, அது எஃப். ப-வில் தொடங்கினால் ப நி ரி, அது ஜி. இந்த மூன்றையும் சேர்த்துப் பார், ஏழு ஸ்வரமும் வந்துவிட்டன. மூன்றே கார்டில் இத்தனை பாட்டு அடங்குவதற்குக் காரணம் இதுதான். இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

மேஜருக்கும் மைனருக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை என்றாய். ஈ மேஜரைப் பிடி. மெல்லிய பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவது தந்தியில் முதல் ஃப்ரெட்டில் இருக்கும் ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்துவிட்டு மீட்டு. ஈ மைனர் வந்துவிடும். நீ செய்தது என்ன? ஈ-யைச் சட்ஜமாகக் கொண்டால் மேல் க-வான அந்தர காந்தாரம் ஒரு ஃப்ரெட் கீழே உள்ள சாதாரண காந்தாரமாக இறங்கியது, அவ்வளவுதான். மேஜரில் ச-விலிருந்து க-வுக்கு 4 ஃப்ரெட், அங்கிருந்து ப-வுக்கு 3. மைனரில் முதலில் 3, அப்புறம் 4. விரலை வைத்தும் எடுத்தும் பத்துத் தடவை கேள், கூடவே காந்தாரத்தை வாய்விட்டுப் பாடு. காதில் ஏறிவிட்டால் புத்தகத்தின் கார்டு அட்டவணையை நீ மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

சி-யிலிருந்து ஏ மைனருக்கு மாறுவது மட்டும் சுலபமாக வருகிறது என்றாயே, அதற்கும் தியரிதான் பதில். சி என்பது ச க ப. ஏ மைனர் என்பது த ச க. இரண்டு ஸ்வரம் பொது. அதனால் இரண்டு விரல் இருந்த இடத்திலேயே இருக்க, மோதிர விரல் மட்டும் நகர்கிறது. இனி எந்தக் கார்டு மாறும்போதும் எந்த விரல் நகர வேண்டாம் என்று முதலில் பார். ஆதி தாளத்தை மெதுவாகப் போட்டு, ஆவர்த்தனத்துக்கு, அதாவது எட்டு எண்ணும் ஒரு சுற்றுக்கு, ஒரு கார்டு என்று மாற்று. வேகம் பிறகு வரட்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மேஜர் ஸ்கேலும் சங்கராபரணமும் ஒன்று என்று யாராவது சொன்னால் முழுதாக ஏற்காதே. ஸ்தானங்கள்தான் ஒன்று. ராகம் ஸ்வரங்களை அசைக்கும் கமகத்திலும், அவற்றைக் கோர்க்கும் பிரயோகத்திலும் இருக்கிறது. கார்டு என்பது ஸ்வரங்கள் அசையாமல் நின்று ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிப்பது. நம் தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது, அதன் கீழே கார்டு வைத்தால் உறுத்தும். இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்து ரசி.

படங்களில் நீ குழம்பிய இடமும் தெரிந்தது. கார்டுப் படத்தில் கோடுகள் செங்குத்தாக இருக்கும், இடக்கோடியில் இருப்பது தடித்த தந்தி. டேபில், அதாவது எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் காட்டும் குறிப்பில், கோடுகள் படுக்கையாக இருக்கும், மேலே இருப்பது மெல்லிய தந்தி. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்.

சரி, எஃப். ஆள்காட்டி விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்த வேண்டிய அது எல்லோரையும் அழ வைக்கும் கார்டு. முதல் ஃப்ரெட், கழுத்தின் நுனியில் தந்திகளைத் தாங்கும் நட்டை ஒட்டி இருப்பதால் அங்கே தந்தியை அழுத்த அதிக பலம் வேண்டும். அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடி, அது ஏ மேஜர். அங்கே சுத்தமாக ஒலித்ததும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக நட்டை நோக்கி இறங்கி வா. ஆள்காட்டி விரலைச் சற்று பக்கவாட்டில் சாய்த்து வை, கட்டைவிரல் கழுத்தின் பின்னால் நடுவில் இருக்கட்டும். அதுவரைக்கும் மெல்லிய நான்கு தந்திகளை மட்டும் மீட்டும் சின்ன எஃப் போதும். விரல் நுனி வலி எனக்கும் பழக்கம்தான். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிக்காதே. காலையில் கால் மணி, இரவில் கால் மணி வாசி. சில வாரத்தில் தோல் உரம் பெறும்.

பயிற்சிக்குப் பாட்டு கேட்டாய். நோட்டுஸ்வரங்களை எடு! முத்துசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதியவை. எல்லாம் சங்கராபரணம், கமகம் இல்லாமல் நேராகப் போகும். தீட்சிதரே வீணை வாசித்தவர் என்பதும் நினைவிருக்கட்டும். நீ பாவாடை கட்டிக்கொண்டு பாடியவை அவை, ஒவ்வொன்றும் உனக்கு மனப்பாடம். ச க ப, ம த ச, ப நி ரி மூன்றையும் வைத்துக்கொண்டு எந்த வரியில் எது பொருந்துகிறது என்று நீயே தேடு. புத்தகத்தைப் பார்க்காமல் நீ கண்டுபிடிக்கும் முதல் கார்டை எனக்குப் பதிவு செய்து அனுப்பு, நான் காத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு கேப்போ வாங்கிக்கொள்; எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி அது. என் வீணையின் சுருதி 3 கட்டை, உங்கள் கணக்கில் ஈ. நான்காவது ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டி சி வடிவத்தையே பிடித்தால் என் சட்ஜமத்துக்கு வந்துவிடுவாய். பொங்கலுக்கு வரும்போது கிட்டாரையும் எடுத்து வா. நான் நோட்டுஸ்வரம் வாசிக்கிறேன், நீ கார்டு பிடி.

அன்புடன்,
அம்மா