அடுத்த கூட்டத்தை மலையில் வையுங்கள்

சேலத்து வாசகர் வட்டங்களுக்கும் இலக்கிய அமைப்புகளுக்கும் வணக்கம்.

என் முதல் நாவல் வந்த பிறகு உங்களில் சிலர் பாராட்டுக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறீர்கள். மனசு நிறைந்துவிட்டது. ஆனால் பொன்னாடைக்குப் பதிலாக வேறொன்று கேட்கிறேன். அந்தக் கூட்டத்தை ஏற்காடு தாண்டி எங்கள் ஊரில் நடத்துங்கள்.

அப்பா செவ்வாய்ப்பேட்டைக்காரர். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற வேலை. அம்மா சேர்வராயன் மலையில் பிறந்தவர், மலையாளிப் பழங்குடி. இதைச் சொன்னதும் ஒரு கூட்டத்தில் "கேரளாவில் எந்த ஊர்?" என்று கேட்டார்கள். அன்று இரவு முழுக்க வருத்தமாக இருந்தது. எங்கள் பேச்சு தமிழ்தான். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் மலையேறி வந்தார்கள், மூத்தவர் சேர்வராயனில் தங்கிவிட்டார் என்று அம்மாயி (அம்மாவின் அம்மா) சொல்வார். சேலத்தில் நின்று பார்த்தால் தெரிகிற மலை இது. அதில் இருப்பவர்கள் யார் என்று கீழே தெரியவில்லையே.

1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பி கொண்டுவந்ததைச் சுற்றுலா வருகிற எல்லாரும் படித்திருப்பார்கள். அம்மாயி அந்தக் காப்பிக்காட்டில் நாற்பது வருஷம் பழம் பறித்தவர். சிவந்த பழத்தை மட்டும்தான் பறிக்க வேண்டும், பச்சைக்காய் கலந்தால் எடையில் கழித்துவிடுவார்கள். பறித்துக்கொண்டே பக்கத்து வரிசைக்காரிக்குக் கதை சொல்வார். சாயங்காலம் எடை போடக் கூப்பிட்டதும் கதை அப்படியே நின்றுவிடும். மீதி மறுநாள். என் நாவலின் ஒவ்வொரு அத்தியாயமும் எடை போடும் நேரத்தில் முடிவது அதனால்தான்.

நான்கு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கோயில் திண்ணையில் பிள்ளைகளோடு படிக்கிறோம். பதினேழு பேர், ஒரு தகரப்பெட்டி புத்தகம். படித்து முடித்ததும் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதையை நோட்டில் எழுதிவருவார்கள். ஒன்பதாவது படிக்கிற ஒருத்தி சேர்வராயன் கோயில் குகையைப் பற்றி எழுதியதைப் படித்து நான் அழுதுவிட்டேன். அவள் இதுவரை எந்த எழுத்தாளரையும் நேரில் பார்த்ததில்லை. என்னை அவள் அக்காவாகத்தான் பார்க்கிறாள்.

உங்கள் கூட்டங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்குகின்றன. கடைசி பஸ்ஸைப் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வீடு சேர வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு ஏற்புரையைக்கூட நான் முழுதாகக் கேட்டதில்லை. அந்தப் பிள்ளைகள் எப்படி வருவார்கள்?

பழம் பறிக்கிற மார்கழி, தை வேண்டாம், யாருக்கும் ஓய்வு இருக்காது. மாசியில் ஒரு ஞாயிறு, காலை பத்து மணி. பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் வைத்திருக்கிற பணத்தில் பதினேழு பேருக்கும் நூலக உறுப்பினர் அட்டை வாங்கிக்கொடுங்கள். அப்புறம் இன்னொன்று. 1948ஆம் வருஷச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரி நாங்களும்தான் கட்டுகிறோம், ஆனால் நூலகத்துக்குப் போக எங்கள் பிள்ளைகள் பஸ் ஏற வேண்டும். ஊரிலேயே ஒரு கிளை கேட்டு மனு எழுதியிருக்கிறோம், அதில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

மதியம் சாமைச் சோறு எங்கள் பொறுப்பு. எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லுங்கள், பஸ் நிற்கும் இடத்தில் பிள்ளைகளோடு நிற்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காரும் வாசகி