மீண்டும் அல்ஜீரியாவும் ஒஸ்ட்ரியாவும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

இவ்வளவு காலம் எழுதாமல் இருந்ததற்கு நீ ஏசுவாய், தாராளமாக ஏசு. வீட்டில் எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. 2026 உதைபந்தாட்ட உலகக் கிண்ணக் குழுப் பட்டியலைப் பார்த்த பிறகு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆர்ஜென்டீனாவும் ஜோர்தானும் உள்ள 'ஜே' குழுவில் அல்ஜீரியாவும் ஒஸ்ட்ரியாவும் ஒன்றாக விழுந்திருக்கின்றன. அதிலும் குழுவின் கடைசி நாளான ஜூன் 27 அன்று, கன்சாஸ் நகரில், இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன!

ஏகாம்பரம் மைதானத்து மண்ணில் குச்சியால் கட்டம் கீறி மாஸ்டர் விளக்கிய 1982 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் நடந்த ஆட்டத்தின் கணக்கு உனக்கு மறந்திருக்காது. மேற்கு ஜேர்மனியை 2-1 என்றும் சிலியை 3-2 என்றும் வென்ற அல்ஜீரியா தன் ஆட்டங்களை முடித்துவிட்டிருந்தது; மறுநாள் ஜேர்மனி ஒஸ்ட்ரியாவை ஒரு கோலாலோ இரண்டு கோலாலோ வென்றால் அவை இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போகும் என்பது ஆடியவர்களுக்கு முன்பே தெரியும். பத்தாவது நிமிடத்தில் ஜேர்மனியின் ஹ்ருபெஷ் கோல் போட்டார். பிறகு பந்து பின்னுக்கும் பக்கவாட்டுக்குமே உருண்டது. ஆட்டம் விலைபோய்விட்டது என்று அல்ஜீரிய ரசிகர்கள் காசுத்தாள்களை ஆட்டிக் காட்டினார்கள். அப்போது ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளிதான்; மூன்று அணிகளும் நான்கு புள்ளிகளில் நிற்க, கோல் வித்தியாசத்தில் அல்ஜீரியா வெளியேறியது.

அதனால்தான் 1986 முதல் உலகக் கிண்ணத்தில் ஒரு குழுவின் இறுதி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதுவும் முழு மருந்தல்ல. நீ செனகலுக்காக இரண்டு நாள் சோறு உண்ணாமல் இருந்த 2018இல், போலந்திடம் 0-1 எனத் தோற்றுக்கொண்டிருந்த ஜப்பான், மற்ற ஆட்டத்தில் செனகலுக்கு எதிராகக் கொலம்பியா முன்னிலையில் இருப்பதை அறிந்து கடைசி நிமிடங்களில் பந்தைத் தங்களுக்குள்ளேயே தள்ளி நேரம் கழித்தது. புள்ளியும் கோலும் சமமாக இருந்ததால் மஞ்சள் அட்டைக் கணக்கே முடிவு செய்தது: நான்கு மஞ்சள் அட்டை பெற்ற ஜப்பான் உள்ளே, ஆறு பெற்ற செனகல் வெளியே.

இப்போது 12 குழுக்கள். ஒவ்வொன்றிலும் முதல் இரு அணிகளோடு, மூன்றாமிடம் பெற்றவற்றில் சிறந்த எட்டும் தேறும். குழுக்கள் வெவ்வேறு நாள்களில் முடிவதால், முந்திய குழுக்களில் மூன்றாமிடத்தவை எத்தனை புள்ளி, எத்தனை கோலில் நிற்கின்றன என்பதைக் கடைசியில் ஆடுகிறவர்கள் அறிந்தே களமிறங்குவார்கள். சமநிலை இருவருக்கும் போதும் என்ற நிலை வந்தால், எவன் ஓடி ஆடுவான்? 1998 முதல் 2022 வரை இருந்த எட்டுக் குழு, முதல் இருவர் என்ற ஒழுங்குதான் நேர்மையானது என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதே அல்ஜீரியாவை இந்தச் சோதனைக்குள் மறுபடி தள்ளியது எனக்குப் பொறுக்கவில்லை.

நீ என்ன நினைக்கிறாய் என்று விரிவாக எழுது. "சும்மா ஆட்டத்தைப் பார் மச்சான்" என்று மட்டும் எழுதிவிடாதே.

அன்புடன்,
உன் மச்சான்