கொடி இரத்தம் பற்றி, மகளுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நாங்கள் சுகம். உங்கட சுகத்துக்குக் கோணேசரை வேண்டுறன். வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மனிலயும் உன்ர பேருக்கு அருச்சனை செய்தனான்.

பிறகு வருத்தம் வந்தால் உதவுமெண்டு பிள்ளையின்ர தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்கப் போறம், வருஷா வருஷம் காசு கட்டோணும் எண்டாய். பிறக்க முந்தியே இவ்வளவு யோசிக்கிறியள், பெருமைதான். ஆனா என்னட்டையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூண்டு கிழமைக்கு ஒருக்கா எடுக்கிற கோலில கடைசி ரெண்டு நிமிஷத்தில சொல்லுற விஷயமே இது?

சின்னம்மா மருத்துவிச்சியாய் நிண்டவ எல்லே, அவவிட்டக் கேட்டனான். கொடியை உடன வெட்டாமல் ஒரு நிமிஷமாவது விட்டால் அந்த இரத்தம் பிள்ளைக்கே போய்ச் சேருமாம், இரும்புச்சத்துக்கு நல்லதாம். மைனஸ் 196 பாகையில உறைய வைச்சாலும், பரம்பரையாய் வாற இரத்த வருத்தத்துக்கு அந்தப் பிள்ளைக்கே அது உதவாது. அதே பிழை அதிலயும் இருக்கும். கூடப்பிறந்ததுக்கு, பொருந்தினால், உதவும். 1988 இல பாரிசில ஒரு பெடியனுக்கு அவன்ர தங்கச்சியின்ர கொடி இரத்தம் ஏத்திக் காப்பாத்தினவையாம். நீ பிறந்தது 1994. உன்ர கொடியை எங்க போட்டினமோ, நான் கேக்கவுமில்லை. அண்ணாவுக்கு அப்ப மூண்டு வயசு.

அது கிடக்கட்டும். இரும்புக் குளிசை போட்டும் இரத்தம் கூடேல்லை எண்டாய். அதுக்குப் பிறகு எனக்கு நித்திரையில்லை. மருமகனையும் இரத்தம் பார்க்கச் சொல்லு. தலசீமியா எண்டு பரம்பரையாய் வாற இரத்த வருத்தத்துக்குப் பார்க்கிற சோதனை.

உனக்கு ஏழு வயசில கிளினிக்கில கையில ஊசி குத்தி எடுத்தது ஞாபகமே? வரேக்க ஐஸ்பழம் வாங்கித் தந்தனான். நீயும் காவி, வருத்தத்தைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவள் எண்டு அந்தச் சோதனைத் துண்டில கிடந்தது. உனக்குப் பெரிய வருத்தமொண்டும் வராது, அவரும் காவியாய் இருந்தால்தான் பிள்ளைக்கு அந்த வருத்தம் வர நாலில ஒரு பங்கு இடமிருக்கு. சம்பந்தம் பேசேக்க நான் வாய் திறக்கேல்லை. அண்ணா காய்ச்சலில போனவன் எண்டு அவையளுக்குச் சொன்னன். உனக்கும் சொல்லேல்லை. கலியாணம் குழம்பிப் போடும் எண்ட பயம்.

ராவில அவன்ர வயித்தில ஊசியைக் குத்தி, உடம்பில கூடிப்போன இரும்பை எடுக்கிற டெஸ்பெரால் மருந்துப் பம்பைப் பூட்டுவன். விடியுமட்டும் தலைமாட்டில கிடக்கும். "சத்தம் போடாதேங்கோ அம்மா, தங்கச்சி எழும்பிடுவாள்" எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடப்பான். அதை ஒவ்வொரு ராவும் பார்த்த நானே மறைச்சன்.

போனில சொல்ல வாய் வரேல்லை, அதால எழுதிப் படமெடுத்து அனுப்புறன். அந்தத் துண்டையும் சேர்த்திருக்கிறன். இவ்வளவு காலமும் அண்ணாவின்ர கிளினிக் கொப்பிக்குள்ளதான் கிடந்தது. மருமகனுக்குக் காட்டு. ஏசினால் என்னை ஏசட்டும். உனக்கு இப்பதானே மூண்டாம் மாதம், பிந்த விடாதே, இந்தக் கிழமையே ரெண்டு பேரும் டொக்டரிட்டப் போங்கோ. கொடி இரத்தக் காசைப் பிறகு யோசிக்கலாம். மருமகனையும் இரத்தம் பார்க்கச் சொல்லு.

என்னோட கதைக்க மனமில்லாட்டிலும் பரவாயில்லை. இரத்தம் குடுத்திட்டம் எண்டு மட்டும் ஒரு செய்தி போடு.

அம்மா