தேர்தல் நேரத்தில் முடிவது மற்ற நாளில் ஏன் முடியவில்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தோம். மாட்டுப் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் காலை கோலம் போட வெளியே வந்தேன். சுவர் நெடுக நீல எழுத்தில் ஒரு கட்சியின் பெயர், வருடம், 'முன்பதிவு' என்ற வார்த்தை. வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் இரண்டே வாரத்தில் மூல வைத்தியம், டியூஷன், வீட்டுமனை என்று சுவரொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிட்டன.

இதை அழிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது சுரண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மைதாப் பசையில் ஒட்டிய தாளை அன்றைக்கே தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் உரிந்து வந்துவிடும். நாலு நாள் வெயில் பட்டுவிட்டால் தாளோடு பெயிண்டும் பெயர்ந்து வருகிறது. எனாமலில் எழுதியிருந்தால் இன்னும் மோசம். மேலே சுண்ணாம்பு அடித்தாலும் நிற்பதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, மறுபடி இரண்டு கோட்டிங் அடிக்க வேண்டும். எழுதியவருக்கு ஒரு ராத்திரி வேலை. கூலியும் பெயிண்ட் செலவும் வீட்டுக்காரர் தலையில்.

எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு முடிவு செய்தோம். எது ஒட்டப்பட்டாலும் அன்று காலையே, பால் வாங்கப் போகும் நேரத்தில், கிழித்துவிடுவது. யார் சுவர் என்று பார்ப்பதில்லை. மூன்று மாதத்தில் ஒட்டுவது பெருமளவு குறைந்துவிட்டது. சுவரில் ஒன்று நின்றுவிட்டால், 'இங்கே ஒட்டலாம்' என்று அடுத்தவருக்குச் சொல்லிவிடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தோம். நியூயார்க்கில் சுரங்க ரயில் பெட்டி முழுக்கக் கிறுக்கிவைத்திருந்த காலத்தில், 1984-இல் இதே வழியைத்தான் பிடித்தார்கள். சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி யாராவது எழுதினால் அதை அழிக்காமல் ஓட்டுவதில்லை என்பது விதி. எழுதுபவருக்குத் தன் பெயர் ஊரெல்லாம் சுற்றி வர வேண்டும் என்பதுதானே ஆசை? அது நடக்காமல் போனது. 1989 மே மாதம் கிறுக்கல் உள்ள கடைசிப் பெட்டியும் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? தேர்தல் அறிவித்தவுடன் அரசுக் கட்டடங்களில் 24 மணி நேரத்திலும், மற்ற பொது இடங்களில் 48 மணி நேரத்திலும், தனியார் சுவர்களில் 72 மணி நேரத்திலும் விளம்பரங்களை அகற்ற வேண்டும் என்று தேர்தல் ஆணையம் உத்தரவிடுகிறது. அதே மாநகராட்சி ஊழியர்கள்தான் வாளியும் பிரஷுமாக வந்து அழிக்கிறார்கள். ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க இங்கே 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. தேர்தல் முடிந்த மறுநாள் அந்த வேகம் ஏன் நிற்க வேண்டும்?

ஒட்டியது யார் என்று தெரியவில்லை என்ற பதிலை மட்டும் ஏற்க முடியவில்லை. விளம்பரத்திலேயே கைபேசி எண் இருக்கிறது. அழிக்கும் செலவை அந்த எண்ணுக்குரியவரிடம் வசூலிக்கலாம். தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர், முகவரி இருக்க வேண்டும் என்று விதி உள்ளது. அதை எல்லாச் சுவரொட்டிக்கும் கொண்டுவந்தால் என்ன?

சுவரில் படம் வரைந்துவிட்டால் போதும் என்கிறார்கள் சிலர். கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்த பெரிய ஓவியங்கள் எனக்கும் மிகவும் பிடிக்கும். பிளக்ஸ் வந்து பிழைப்பை இழந்த சுவர் ஓவியர்களுக்கு இப்படி வேலை கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் ஓவியத்தின் மேலும் ஒட்டத்தான் செய்கிறார்கள். அதையும் அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

கண்ணீர் அஞ்சலித் தாளைக் கிழிக்கும்போது மட்டும் எனக்கு மனசு கேட்பதில்லை. துக்கத்தைத் தெருவுக்குச் சொல்ல அவர்களுக்கு வேறு இடம் இல்லை. தையல்கார அம்மாவும் டியூஷன் எடுக்கும் பெண்ணும்கூட எங்கே போய் விளம்பரம் செய்வார்கள்? வார்டுக்கு நாலைந்து இடத்தில், பேருந்து நிறுத்தத்தின் பக்கமாக, மாநகராட்சியே அறிவிப்புப் பலகை வைத்துத் தரட்டும். எங்கள் தெருமுனையில் டிரான்ஸ்பார்மருக்கு எதிரே இடம் சும்மாதான் கிடக்கிறது. முதல் பலகையை அங்கே வைத்தால், வாரம் ஒருமுறை பழைய தாள்களை எடுத்துச் சுத்தம் செய்யும் வேலையை நாங்கள் ஐந்து வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை