பதக்கம் வந்ததை ஏன் சொல்லவில்லை, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி சீக்கிரம் படு.

யுத்த சேவா பதக்கப் பட்டியலில் உன் பேர் இருப்பதை வாத்தியார் வீட்டு மாமாதான் பேப்பரோடு ஓடிவந்து காட்டினார். பெற்றவளுக்கு ஊரார் சொல்லித்தான் தெரியணுமா? என்ன செய்தாய், எங்கே செய்தாய் என்று கேட்கமாட்டேன், இன்டெலிஜென்ஸ்காரரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியும். ஆனால் பதக்கம் என்ற ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? தெரு முழுக்க கேசரி கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

போனில் உன் குரல் சரியில்லை. மருமகளைக் கேட்டால் “நல்லாத்தான் இருக்கார் அத்தை” என்கிறாள். தூங்குகிறாயா? அப்பா இந்திய அமைதிப்படையோடு போய் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபிறகு சரியாகத் தூங்கியதே இல்லை. 1987 அக்டோபரில் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கிய 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் செத்துப்போனார்கள், புலிகள் நம் ரேடியோவை ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள். தகவல் வேலை தன்னுடையது, அதனால் அந்த 29 உயிரும் தன் கணக்கு என்றே அவர் கடைசிவரை நினைத்தார்.

1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிப் பிரிவு இலங்கையிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. “நம்ம சனத்தையே சுட்டுட்டு வந்திருக்காங்க” என்று தெருவிலும் பேச்சு. அங்கே செத்த சனத்துக்காக நானும் அழுதவள்தான். அப்புறம் அப்பாவுக்கு விசிஷ்ட சேவா பதக்கம் வந்தது, உனக்கு ஏழு வயது. மஞ்சள் நாடாவில் மூன்று நீலக் கோடு. பள்ளிக்கூடத்தில் காட்டணும் என்று சட்டையில் குத்திக்கொண்டு கிளம்பினாய். வாசலிலேயே இழுத்து முதுகில் ஓங்கி அடித்து, அதைப் பிடுங்கி டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் போட்டேன். அப்பா திண்ணையிலிருந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பார்த்த வேலைக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. தெருவுக்குப் பயந்து மறைத்தேன். அவர் இருந்தவரை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. அந்த அடிதான் இன்றுவரை உன் வாயைக் கட்டிவைத்திருக்கிறதோ என்று இப்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தப்பு என்னுடையதுதான் தம்பி.

நேற்று பெட்டியைத் திறந்தேன். நாடா மடிந்த இடத்தில் சாயம் போயிருக்கிறது. துணியால் துடைத்து அப்பா படத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

லீவு கிடைத்ததும் வா. உன்னுடையதையும் எடுத்துக்கொண்டு வா, சட்டையில் குத்தி ஒருதரம் நான் பார்க்கணும். எதுவும் பேசவேண்டாம், கூடத்தில் பாய் போட்டுவைக்கிறேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்கு.

அம்மா