மாடிக் கூட்டில் இருக்கும் கோழிகளுக்கு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணு,

நேற்று ஃபோனில் நீ சொன்ன இரண்டு விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. முட்டை ஓடு கையில் எடுத்தாலே நொறுங்குகிறது என்றாய். இரண்டு கோழிக்கு முதுகில் இறகே இல்லை, மற்றவை கொத்திப் பிடுங்குகின்றன என்றாய். மிச்சச் சோறும் கோதுமையும்தான் போடுகிறாய் என்றால் முதலில் அதைப் பார்ப்போம். வாயால் சொன்னால் பாதி மறந்துவிடும் என்று எழுதுகிறேன்.

நம் காட்டில் காலையில் கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையான கொடாப்பைத் தூக்கிவிட்டால் போதும். கோழி குப்பைமேட்டைக் கிளறும், புழுவும் கரையானும் எடுக்கும், கடலைக் காட்டில் உதிர்ந்த பருப்பைப் பொறுக்கும், புல் நுனியைக் கிள்ளும், சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பைக்கூடக் கொத்தும். அப்பத்தா சாயங்காலம் வீசியது ஒரு கை கம்பு மட்டும்தான், அதுவும் கொடாப்புக்குத் திரும்பி வருவதற்காக. அதைப் பார்த்து வளர்ந்த உனக்குத் தானியம் போதும் என்று தோன்றியது இயல்புதான். ஆனால் உன் ஆறு கோழியும் கம்பிக்குள் நிற்கின்றன. நீ தட்டில் வைக்காத எதுவும் அவற்றின் வாய்க்குப் போக வழியில்லை. அதுவும் பிவி 380, வருஷத்துக்கு 300 முட்டை வரை இடுகிற இனம். நம் நாட்டுக்கோழி மாதிரி 10, 15 இட்டுவிட்டு அடைக்கு உட்காராது.

ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் கால்சியம் வேண்டும். சோற்றிலும் கோதுமையிலும் அது இல்லை என்றே வைத்துக்கொள். தீனியில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், அப்புறம் காலே தளர்ந்துவிடும். அதனால் முட்டையிடும் கோழிக்கென்று விற்கும் லேயர் தீவனமே அடிப்படையாக இருக்கட்டும். மூட்டையில் பார்த்து வாங்கு: புரதம் 16 முதல் 18 சதவீதம், கால்சியம் 3.5 சதவீதத்துக்கு மேல். ஒரு கோழிக்கு நாளைக்கு 110 கிராம் என்றால் ஆறுக்கும் சேர்த்து 660 கிராம். பிற்பாடு குஞ்சு வாங்கினால் இந்தத் தீவனத்தை அதற்குப் போட்டுவிடாதே. இவ்வளவு கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

இதோடு கிளிஞ்சல் தனியாக வை. நீ இருப்பது கொச்சி, வேம்பநாட்டுக் கக்கா ஓடு அங்கே கிடைக்காமலா போகும்? கழுவிக் காயவைத்து, அரிசி அளவுக்கு உடைத்து ஒரு டப்பாவில் கட்டிவிடு. மாவாகப் பொடிக்காதே. கொஞ்சம் பெரிய துண்டு என்றால் வயிற்றில் தங்கி மெதுவாகக் கரையும். ஓடு உருவாவது பெரும்பாலும் ராத்திரியில், அதனால் சாயங்காலம் டப்பா காலியாக இருக்கக் கூடாது. தேவைப்படுகிற கோழி தானே எடுத்துக்கொள்ளும்.

இறகு பிடுங்குவதற்குப் பெரிய காரணம் புரதக் குறைவு. இறகே புரதம்தானே. நெருக்கமும் சும்மா நிற்கிற சலிப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். ரத்தம் தெரிகிற கோழியை உடனே தனியாக எடுத்துவை, இல்லாவிட்டால் மற்றவை விடாது. முருங்கைக் கீரையோ அகத்தியோ ஒரு கட்டுக் கம்பியில் தொங்கவிடு. எட்டி எட்டிக் கொத்துவதில் பொழுது போகும், மஞ்சள் கருவும் நல்ல நிறமாக வரும். கீரை, தானியம் தின்கிற கோழிக்குப் பல் இல்லாத குறையை வயிற்றில் கிடக்கும் கல்தான் தீர்க்கிறது. அதனால் கழுவிய பொடிக்கல் கொஞ்சம் வை. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு.

உப்பு என்றதும் இன்னொன்று. சாம்பார் சோறு, அப்பளம், மிக்சர், கருவாடு எதுவும் கூட்டுப் பக்கம் போகக் கூடாது. மத்தித் தலையை உப்பில்லாமல் வேகவைத்துக் கொஞ்சமாகப் போடலாம், நல்ல புரதம். தினமும் போட்டால் முட்டையில் மீன் வாடை வரும். கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கின் தோலும் இலையும் பச்சையாகப் போடவே போடாதே, அதில் சயனைடு விஷம் இருக்கிறது.

எனக்கு ரொம்பக் கவலை தருவது பூஞ்சணம்தான். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உன் ஊரில் எதுவும் காயாது. 50 கிலோ மூட்டை விலை குறைவு என்று மாப்பிள்ளை சொல்வார். உன் கோழிகள் அதைத் தின்று முடிக்க இரண்டரை மாதம் ஆகும், அதற்குள் தீவனம் கட்டி தட்டிவிடும். 10 கிலோவாக வாங்கு, 15 நாளில் தீரும். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுத் தரையிலிருந்து உயர்த்தி வை. புழுங்கல் வாடையோ பச்சை, கருப்புத் திட்டோ தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடு. வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் பூஞ்சணத்தின் விஷம் போகாது, கல்லீரலைத் தின்றுவிடும். கடலைப் பிண்ணாக்கில் இது சீக்கிரம் பிடிக்கும் என்பதால்தான் மழை முடியும்வரை செக்கிலிருந்து உனக்கு அனுப்பப் போவதில்லை.

தட்டில் அடியில் தங்கும் தூளைத் தின்று முடித்த பிறகே புதிதாகப் போடு. சத்துப்பொடி எல்லாம் அந்தத் தூளில்தான் இருக்கிறது. தண்ணீர் ஒரு கோழிக்குக் கால் லிட்டர், பங்குனி சித்திரையில் அரை லிட்டர்கூடக் குடிக்கும். கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒவ்வொன்றையும் தினமும் விரலால் அழுத்திப் பார். அடைத்திருந்தால் வெளியே தெரியாது, ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் போனாலே முட்டை நின்றுவிடும்.

முடிந்தால் சாயங்காலம் ஒரு மணி நேரம் மாடிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே விடு. ஒரு பெட்டியில் காய்ந்த மண் வைத்தால் புரண்டு குளிக்கும். கூட்டில் வளர்ப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை, நகரத்தில் வேறு வழி இல்லை. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தை நீ கொடுக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

பொள்ளாச்சிக்குப் போகும்போது கம்பும் மக்காச்சோளக் குருணையும் வாங்கி அனுப்புகிறேன். தீவனத்துக்குப் பதிலாக அதைப் போடாதே, ஆறுக்கும் சேர்த்துச் சாயங்காலம் ஒரு கைப்பிடி மட்டும். கிளிஞ்சல் வைத்த பிறகு ஓடு எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல். அப்புறமும் ஓடு கெட்டியாகாத தோல்முட்டையே வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டு, ஒத்திப்போடாதே.

அன்புடன்,
அப்பா