சுண்டெலி வாலை மட்டும் நம்பி ஒப்புதல் தராதீர்கள்: நிணநீர் வீக்க ஆய்வுகளை மதிப்பிடும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

விலங்காய்வு நெறிமுறைக் குழுவினருக்கும் நிதி விண்ணப்பங்களைப் பரிசீலிப்போருக்கும் வணக்கம்.

நிணநீர் வடியாமல் தேங்கி உறுப்பு வீங்கும் நோயான நிணநீர் வீக்கத்துக்கு மருந்து தேடும் விண்ணப்பங்கள் பல, சுண்டெலியின் வாலில் தொடங்கி வாலிலேயே முடிந்துவிடுகின்றன. வாலில் நோயைச் செயற்கையாக உருவாக்கும் அந்த மாதிரியை முதல் சல்லடையாக ஏற்கலாம். நாள்பட்ட நோய்க்கான சான்றாக ஏற்க வேண்டாம் என்பதே எங்கள் கோரிக்கை.

செய்முறை எளிதுதான். அடிவாலிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. தள்ளி, 2 முதல் 3 மி.மீ. அகலத் தோலை வளையமாக எடுக்க வேண்டும். வால்நுனியில் நீலச் சாயம் செலுத்தினால் நிணநீரைத் திரட்டிச் செல்லும் இரண்டு சேகரிப்பு நாளங்கள் தெரியும். நுண்ணோக்கியின் கீழ் அவற்றைக் கட்டவோ சுடவோ வேண்டும். கோளாறு வருவதும் இங்கேதான். அந்த நாளங்கள் பக்கவாட்டுச் சிரைகளை ஒட்டியே ஓடுகின்றன. சூடு கொஞ்சம் கூடினால் சிரையும் அடைபடும். பிறகு வரும் வீக்கத்தில் நிணநீரின் பங்கு எவ்வளவு, சிரைத் தேக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இன்னும் கூடினால் வால் கறுத்து அழுகும். எனவே அழுகிய வால்கள் எத்தனை, அவற்றைக் கணக்கில் எப்படிக் கையாண்டார்கள் என்று கேளுங்கள். தோலை மட்டும் வெட்டி நாளங்களைத் தொடாமல் விட்ட ஒப்பீட்டுக் குழு இல்லையென்றால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தாலும், வால் வீக்கம் சில வாரங்களில் உச்சம் தொட்டுத் தானாகவே வடியத் தொடங்கும். அப்போது மருந்து வேலை செய்ததா, காயம் ஆறியதா? மனிதரிலோ புற்றுநோய் அறுவைக்குப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்தும் வீக்கம் தலைகாட்டும்; நார்த்திசுவும் கொழுப்பும் படிந்து நிலைத்துவிடும். அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருளான லுக்கோட்ரையீன் பி4 உருவாவதைத் தடுக்கும் யூபெனிமெக்ஸ், எலி வாலில் நல்ல பலன் தந்த மருந்து. கால் வீக்க நோயாளிகளிடம் நடந்த ‘அல்ட்ரா’ என்ற மருத்துவச் சோதனையின் முடிவு 2018இல் வந்தபோது, தோல் தடிப்பிலும் கால் பருமனிலும் அது போலி மருந்தை விஞ்சவில்லை. பழி முழுவதையும் வால்மேல் போட முடியாது என்பதும் உண்மை.

பின்னங்கால் மாதிரி கடினமானது, ஆனால் நோய்க்கு நெருக்கமானது. முழங்கால் மடிப்பிலும் கவட்டையிலும் உள்ள நிணக்கணுக்களை அகற்றி, தோல் விளிம்புகளைத் தசையோடு தைத்து இடைவெளி விட வேண்டும். தைக்காவிட்டால் எலியின் தளர்ந்த தோல் சுருங்கி மூடிக்கொள்ளும், நாளங்களும் பாலமிட்டு இணைந்துவிடும். கதிர்வீச்சு சேர்ப்பது அந்த இணைப்பைத் தடுக்கத்தான். அளவு குறைந்தால் வீக்கம் வடியும், மிகுந்தால் தோல் புண்ணாகும். கதிர்வீச்சு மட்டும் பெற்ற குழுவும் கட்டாயம் வேண்டும்.

வீக்கத்தை அளக்கச் சுற்றளவு மட்டும் போதாது. நிணநீர் ஓட்டத்தைச் சாயத்தால் காட்டும் இண்டோசயனின் கிரீன் படம், நார்த்திசுப் புரதமான கொலாஜனின் அளவு, நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான சிடி4 செல்களின் எண்ணிக்கை மூன்றையும் கேளுங்கள். சிடி4 செல்கள் இல்லாத எலியில் இந்நோய் ஒழுங்காக உருவாவதே இல்லை. மனித உயிரணுக்களைச் செலுத்த வசதி என்று நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள எலியைத் தேர்ந்தெடுக்கும் விண்ணப்பம் அங்கேயே தடுமாறுகிறது.

வலிநிவாரணியையும் கவனியுங்கள். அழற்சியைத் தணிக்கும் வலிநிவாரணியான கீட்டோப்ரோஃபென் இந்த வீக்கத்தையே குறைக்கக்கூடியது. அறுவைக்குப் பின் அதைக் கொடுத்துவிட்டு வேறொரு மருந்தைச் சோதித்தால் முடிவு குழம்பும். அபின் வகை வலிநிவாரணியான புப்ரினார்ஃபின் போன்றவற்றைக் கேளுங்கள், எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில்.

இப்படிக்கு,
நிணநீர் மண்டல ஆய்வாளர்கள் சிலர்